கெண்டைக்காலில் குத்திய படகு: புது டாட்டூ புண்ணாகி ஆறிய ஒரு நிகழ்வு, திருகோணமலை

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் தம்பிக்கு வயது 22. நிலாவெளிப் பக்கம் வீடு. சீசன் மாதங்களில் புறாமலைத் தீவுக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் படகொன்றில் உதவியாள், மற்ற நாட்களில் கிடைக்கிற வேலை. அப்பா கடற்றொழில் செய்தவர், முந்தின வருடம் நெஞ்சுவருத்தத்தில் திடீரென்று போய்விட்டார், முதல் வருடத் திவசமான ஆட்டைத் திவசம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை. அந்த அப்பா ஓட்டிய ஃபைபர் படகைத்தான் தம்பி தன் இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் குத்திக்கொண்டார். உள்ளங்கை அளவு. கறுப்புக் கோடு, படகின் வயிற்றுப் பக்கத்தில் சாம்பல் நிற நிழல், முன்முனையான அணியத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி.

நான் ஒரு சிறிய தனியார் மருத்துவ நிலையத்தில் காயங்களுக்கு மருந்து கட்டும் வேலை செய்கிறேன். நீரிழிவுக் கால்புண், மோட்டார் சைக்கிள் சிராய்ப்பு, சமையலறைச் சூட்டுக்காயம், இவைதான் எங்களிடம் அன்றாடம் வருபவை. அண்மைக் காலமாக டாட்டூவும் வருகிறது. இந்தத் தம்பியும் அவருடைய அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். டாட்டூ நல்லதா கெட்டதா என்று பேச இது இடமில்லை. குத்தியாகிவிட்டது. குத்திய பிறகு அந்தத் தோலுக்கு என்ன நடந்தது, அதை யார் எப்போது பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தக் கால் புண்ணானதற்கு ஊசியோ மையோ கடலோ முதற்காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை அதை வீட்டில் ஒளித்து வைத்ததுதான் காரணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

குத்திய நாளும் அடுத்த இரண்டு நாட்களும்

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குத்திய இடத்தைப் பற்றிப் பிறகு நான் நேரே போய் விசாரித்தேன். ஊசியைப் புதுப் பொதியிலிருந்து தம்பியின் கண்முன்னே பிரித்திருக்கிறார்கள், கையுறை போட்டிருக்கிறார்கள், மையைச் சின்ன மூடிகளில் அவருக்கென்று தனியாக ஊற்றி மிச்சத்தை எறிந்திருக்கிறார்கள். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு மையை எதில் கலந்தீர்கள் என்றும் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ரொச்செஸ்டர் என்ற ஊரில், ஏற்கெனவே நீர்த்து வந்த சாம்பல் மையால் 19 பேருக்கு மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி தொற்றியது. அந்தக் கிருமி தண்ணீரில் வாழ்வது, வாரக்கணக்கில் ஆறாத சின்னச் சின்னப் பருக்களாகத் தோலில் நிற்கும், வழக்கமான மருந்துக்கு அசையாது. இங்கே பைப் தண்ணீரைக் கலக்கவில்லை, மூடி உடைக்காத போத்தலில் இருந்த கிருமி நீக்கிய தண்ணீரைத்தான் கலந்திருக்கிறார்கள். ஆக, குத்திய இடத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

குத்தி முடித்ததும் காலைத் துடைத்து, பிசின் உள்ள மெல்லிய ஒளிபுகும் தாளை அதன்மேல் ஒட்டி, ஒரு அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அட்டை முழுக்க ஆங்கிலம். தாளை மூன்று முதல் ஐந்து நாள் வரை எடுக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. குளிர்நாட்டில் அறைக்குள் இருந்து வேலை பார்க்கிறவருக்கு அது சரிவரலாம். ஆடி மாதத்துத் திருகோணமலையில், கச்சான் காற்று அனலும் மணலுமாக வீசுகிற நாளில், காலை ஆறு மணிக்கே படகைத் தள்ளி இறக்குகிற ஒருவருடைய காலில் அந்தத் தாள் எத்தனை மணி நேரம் ஒட்டிக்கொண்டு இருக்கும்? இரண்டாம் நாள் பகலிலேயே ஒரு ஓரம் கிளம்பிவிட்டது. உள்ளே வியர்வை, ஊனநீர், மை எல்லாம் கலந்து கறுப்பாக ஒரு நீர் தேங்கியிருந்தது. முதல் இரண்டு நாட்களில் நீர் கசிவது வழக்கமானதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓரம் கிளம்பினால் அந்தத் தாள் பாதுகாப்பு இல்லை, வெளியில் இருக்கிற அழுக்கு உள்ளே போய்த் தங்குகிற பையாகிவிடும். தம்பி அதைக் கழற்றவில்லை. கிளம்பிய ஓரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டினார்.

ஏன் கழற்றவில்லை என்று பிறகு கேட்டபோது, "கழட்டினா சாரத்தில மை பிரளும் அக்கா, அம்மா கண்டுபிடிச்சிடுவா" என்றார்.

ஒளித்து வைத்த நாட்கள்

மூன்றாம் நாள் தாள் தானாகவே கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றை அவர் வாயால் கேட்டு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வீட்டில் குளிப்பது கிணற்றடியில். சுற்றி மறைப்பு இல்லை. வழக்கமாக வேலையால் வந்து பின்னேரம் குளிக்கிறவர், இப்போது இருட்டிய பிறகு குளிக்கத் தொடங்கினார். இருட்டில் குளித்தால் காலில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. எல்லோரும் பாவிக்கிற வாசனைச் சவர்க்காரம், எல்லோரும் துடைக்கிற துவாய். துடைத்த கையோடு பெற்றோலியம் ஜெலியை அள்ளிப் பூசி, அதன்மேல் டெனிம். படகில் மற்றவர்கள் அரைக்காற்சட்டையோடு நிற்க இவர் மட்டும் கணுக்கால் வரை டெனிம் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அது உப்புத் தண்ணீரில் நனையும், வெயிலில் காயும், மறுபடி நனையும். காய்ந்த டெனிம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, உப்புப் பூத்து மரப்பட்டை மாதிரி விறைத்து நிற்கும், அது நடக்க நடக்க அந்த இடத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஊசி தோலின் மேற்படையைத் தாண்டி அடுத்த படையில், ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், மையை வைக்கிறது. அங்குள்ள விழுங்கும் கலங்கள் அந்த மையைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் டாட்டூ ஆயுளுக்கும் அழியாமல் நிற்கிறது. ஆனால் ஊசி உள்ளே போன ஒவ்வொரு துவாரமும் மேலே திறந்த வாய். உள்ளங்கை அளவு டாட்டூ என்றால் உள்ளங்கை அளவுக்குத் தோலை உரசிக்கொண்ட காயத்துக்குச் சமம். வேறு காயம் என்றால் இந்தத் தம்பியே வீட்டுக்கு வந்து "அம்மா, கால் உரஞ்சிப்போட்டுது" என்று காட்டியிருப்பார், அம்மா தண்ணீர் சுட வைத்திருப்பார், அத்தோடு அந்தக் கதை முடிந்திருக்கும்.

நாலாம் ஐந்தாம் நாளில் அரிப்புத் தொடங்கியிருக்கிறது. அதுவும் வழக்கமானதே. மேல்தோல் மெல்லிய செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும், கறுப்புத் தூள் மாதிரி உதிரும், சில இடத்தில் சின்னப் பொருக்குக் கட்டும். உரிக்காமல் சொறியாமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மேல்தோல் மூடிவிடும், உள்ளே முழுக்கத் தேற இன்னும் சில மாதங்கள் எடுக்கும். தம்பி டெனிமுக்கு மேலால் சொறிந்திருக்கிறார். நித்திரையில் நகத்தாலும் சொறிந்திருக்கிறார், விடிய எழும்பிப் பார்த்தால் நகக்கண்ணில் கறுப்பு.

ஆடி அமாவாசை

ஆறாம் நாள் ஆடி அமாவாசை. அப்பா இல்லாதவர்கள் விரதம் பிடித்துக் கடலில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்கிற நாள். இந்த வீட்டில் அப்பா போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை, பிள்ளையோ ஒரே ஆண்பிள்ளை. அம்மா முதல்நாளே காத்தோட்டிக்காய் தேடி வாங்கி வைத்திருக்கிறார். இந்தச் சூழ்நிலையில் "நான் கடலில் இறங்க ஏலாது" என்று அவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூன்று முறை முழுகி, ஈர வேட்டியோடே நின்று கடமைகளை முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

இதை வாசிக்கிறவர்கள் யாராவது தீர்த்தமாடியது பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்பளவில் இறங்காமல், காலை நனைக்காமல் கரையில் நின்று தலையில் தண்ணீர் தெளித்தும் அந்தக் கடமையைச் செய்யலாம், வருத்தக்காரரும் வயதானவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், ஐயரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியாமல் இருந்ததுதான் இங்கே சிக்கல்.

புண்ணானது

எட்டாம் நாள் காலையில் கால் கனத்தது. குத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் கோடுகளைச் சுற்றிச் சிவந்து சூடாக இருப்பது இயல்பு, நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். இவருக்குக் குறைந்து முடிந்து, மறுபடி ஏறத் தொடங்கியது. படகின் பின்பக்கம், அதாவது கடையாருக்கு மேலே, பொருக்குக்கு அடியிலிருந்து மஞ்சளாகக் கசிந்தது. ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல், கவட்டில் நெறி கட்டிவிட்டது, காலை ஊன்ற ஏலாத நோ.

வேலையில் கூட நிற்கிற சிநேகிதர் ஒருவர் வீட்டில் மிச்சமிருந்த அமொக்சிசிலின் குளிசையில் நாலைந்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவர் அக்கறையில்தான் கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோலில் புண்ணாக்கும் கிருமிகளில் முக்கியமானதான ஸ்டெஃபிலோகொக்கஸ் பெரும்பாலும் அந்த மருந்துக்கு மசிவதில்லை, அதோடு நாலு குளிசை போட்டு நிறுத்தினால் பின்னால் எடுக்கிற பரிசோதனையையும் அது குழப்பலாம்.

பத்தாம் நாள் விடிய அம்மா உடுப்புத் தோய்க்கும்போது சாரத்தில் மஞ்சளும் கறுப்புமான கறையைக் கண்டுவிட்டார். அப்புறம்தான் காலைப் பார்த்திருக்கிறார். சத்தம் போடவில்லையாம். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி, ஒரு பழைய சீலைத் துண்டால் கட்டி, ஓட்டோ பிடித்து எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

நாங்கள் பார்த்ததும் செய்ததும்

காய்ச்சல் 38.6 பாகை செல்சியஸ். நாடித்துடிப்புக் கொஞ்சம் வேகம், பிரஷர் சரி. மஞ்சள் பூச்சைச் சுரண்டி எடுக்கவில்லை, சேலைனில் நனைத்த துணியை மேலே வைத்து ஊறவிட்டு, தானாக இளகி வரும்வரை பொறுத்திருந்து துடைத்தோம். பொருக்கைப் பிய்த்தால் மையும் சேர்ந்து வந்துவிடும், தோலும் தழும்பாகும். துடைத்த பிறகு உள்ளது தெரிந்தது. படகின் முன்பாதி நன்றாகவே ஆறிக்கொண்டிருந்தது, பளபளவென்று புதுத்தோல். பின்பாதியில் ஐந்து சத நாணயம் அளவில் இரண்டு இடம் ஈரமாகத் திறந்திருந்தது, அதைச் சுற்றிச் சிவப்பு, டாட்டூவின் எல்லையைத் தாண்டிக் கணுக்கால் பக்கமாக இறங்கியிருந்தது. தொட்டால் சுடும். கொப்புளம் இல்லை, தோல் கறுக்கவோ ஊதாவாகவோ மாறவில்லை.

சிவப்பு முடியும் ஓரம் முழுக்கப் போல்பொயின்ற் பேனாவால் கோடு போட்டேன், பக்கத்தில் திகதியும் நேரமும். இதை நான் எல்லாக் காயத்துக்கும் செய்கிறேன், இதைவிட மலிவான நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. நாளைக்குப் பார்க்கிறவர் நானாக இல்லாவிட்டாலும் கூடியதா குறைந்ததா என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

டொக்டர் கேட்ட கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கடல் தண்ணீர் பட்டதா. தம்பி அம்மாவைப் பார்த்தார், அம்மா "தீர்த்தம் ஆடினவன்" என்றார். இரண்டாவது, ஈரல் வருத்தம், நீரிழிவு, நிறையக் குடிக்கிற பழக்கம் ஏதாவது உண்டா. இல்லை என்றார், குத்திப் பார்த்த இரத்தச் சீனியும் சரியாகவே இருந்தது. இந்தக் கேள்விகளின் காரணத்தை டொக்டர் பிறகு எனக்கு விளக்கினார். சூடான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி வாழ்கிறது, திறந்த காயத்தால் உள்ளே போனால் சிலருக்கு, முக்கியமாக ஈரல் பழுதானவர்களுக்கு, மணிக்கணக்கில் காலையே அழுக்கிவிடும். அமெரிக்காவில், காலில் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்திய ஒருவர் இப்படியே இறந்ததை 2017இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதியிருந்தார்கள், அவருக்கு ஏற்கெனவே ஈரல் வருத்தம் இருந்தது. எங்கள் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பானது.

அந்தக் கிருமி என்றால் கடலில் இறங்கிய ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே கொப்புளமும் பொறுக்க முடியாத நோவுமாக வெடித்திருக்கும், இங்கே அப்படி இல்லை. என்றாலும் டொக்டர் துணிந்து விட்டுவிடவில்லை. புண்ணின் ஈரத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து அனுப்பினார், பெனிசிலின் ஒவ்வாமை இல்லை என்று உறுதிப்படுத்திக் குளொக்சசிலின் தொடங்கினார், கடல்நீர் பட்ட காயம் என்பதால் டொக்சிசைக்கிளினும் சேர்த்தார். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தெரியாததால் அதுவும் போடப்பட்டது. நான் ஒட்டாத பரஃபின் வலைத்துணி வைத்து மெல்லிதாகக் கட்டினேன். காலைத் தலையணையில் உயர்த்தி வைத்திருக்க வேண்டும், நாளைக் காலை கட்டாயம் வர வேண்டும், இரவில் கொப்புளம் வந்தாலோ நோ திடீரென்று கூடினாலோ தலைசுற்றினாலோ விடியும்வரை காத்திருக்காமல் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடமே சொன்னோம். தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் காய்ச்சல் குறைந்திருந்தது, ஆனால் கீழ்ப்பக்கத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. மருந்து தொடங்கிய முதல் நாளில் கொஞ்சம் பரவிவிட்டுப் பின் வடிவது உண்டு, அதனால் வீட்டிலேயே இன்னொரு நாள் பார்க்கலாம் என்றும் நினைக்க இடமிருந்தது. கடல்நீர் பட்ட கதை இருக்கிறபடியாலும் மாதிரியின் முடிவு இன்னும் வராதபடியாலும் டொக்டர் வாட்டில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டு இரவு நாளத்தால் மருந்து ஏற்றினார்கள், சிவப்பு கோட்டுக்குள்ளே சுருங்கத் தொடங்கியது. மாதிரியின் முடிவில் வந்தது ஸ்டெஃபிலோகொக்கஸ் ஒரியஸ். கடற்கிருமி எதுவும் வளரவில்லை, டொக்சிசைக்கிளினை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டெஃபிலோகொக்கஸ் நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா இருக்கிற கிருமி. நகத்தாலும் துவாயாலும் பிடவையாலும் காயத்துக்குள் போகும். அம்மா கடைசிவரை தீர்த்தத்தைப் பற்றித்தான் மனவருத்தப்பட்டுக்கொண்டிருந்தார், "நான்தானே இறங்கடா எண்டு சொன்னனான்" என்று. பரிசோதனை அப்படிச் சொல்லவில்லை அம்மா என்று விளக்கினேன். உப்புத் தண்ணீரில் ஊறிப் பொருக்கு இளகியது வாசலைத் திறந்து விட்டிருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் உள்ளே போன கிருமி, பெரும்பாலும், நித்திரையில் சொறிந்த நகத்தில் இருந்து போனது.

அதன் பிறகு

வீட்டுக்கு வந்த பிறகு கிழமையில் மூன்று நாள் எங்களிடம் மருந்து கட்ட வந்தார். கழுவுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டார், அதை அவர் செய்த ஒழுங்கைச் சொல்லாமல் விட முடியாது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிடுவார், தன் கையை முதலில் கழுவுவார், வாசனையில்லாத குழந்தைச் சவர்க்காரத்தை உள்ளங்கையில் நுரைத்து நுரையை மட்டும் விரல் நுனியால் வைத்து எடுப்பார், தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுவார், துவாயைத் தொடமாட்டார், சமையலறைப் பேப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே காற்றுப்பட விடுவார். பிறகுதான் களிம்பு, அதுவும் தோல் லேசாக மினுங்குகிற அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. பகல் வெளிச்சத்தில், முற்றத்தில், கதிரையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு. நான் சொல்லிக்கொடுத்தது பாதி, மிச்சம் அவருடைய பொறுமை.

குத்திய நாளிலிருந்து ஐந்து கிழமைக்குக் கிட்டத்தான் தோல் முழுக்க மூடியது. சீசனில் நல்ல உழைப்பு வருகிற ஆவணி மாதம் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது. படகுக்காரர் நல்ல மனிதர், கடைசி இரண்டு கிழமை கரையில் மிதப்பு அங்கிகளைக் கழுவி அடுக்குகிற வேலை கொடுத்தார், அரைச் சம்பளம். வீட்டுச் செலவுக்கு அம்மா சீட்டுக்காசில் கை வைக்க வேண்டி வந்தது.

படகின் பின்பக்கத்தில் மை போய்ச் சாம்பல் பூத்த தழும்பு இருக்கிறது. அதைத் திருத்திக் குத்த வேண்டுமானால் குறைந்தது மூன்று மாதமாவது போகட்டும் என்று டொக்டர் சொன்னார், தழும்பு தடிக்கிறதா என்றும் அதற்குள் தெரிந்துவிடும், எங்கள் நிறத் தோலில் தழும்பு தடிக்கிற வாய்ப்புக் கூட.

இன்னொரு சிக்கல் பிறகு வந்தது. ஏழாம் கிழமையளவில் சிவப்புக் கொடி மட்டும் மேலெழும்பித் தடித்து அரிக்கத் தொடங்கியது. மறுபடி கிருமியோ என்று பயந்துபோய் வந்தார்கள். காய்ச்சல் இல்லை, நோ இல்லை, சூடு இல்லை, கறுப்பிலும் சாம்பலிலும் ஒன்றுமில்லை, சிவப்பு இருக்கிற இடத்தில் மட்டும் அச்செடுத்தது போல வீக்கம். அது அந்த நிற மைக்கு உடம்பு காட்டுகிற ஒவ்வாமை. டாட்டூ நிறங்களில் அதிகம் ஒவ்வாமை தருவது சிவப்புத்தான், குத்திய உடனும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். தோல் டொக்டர் கொடுத்த களிம்புக்கு அடங்கியது, வெயில் பட்டால் இன்னும் கொஞ்சம் அரிக்கிறதாம். மறுபடி சிவப்புக் குத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு டாட்டூமேல் கோபம் என்றுதான் தம்பி இத்தனை நாளும் நினைத்திருந்தார். அம்மாவின் அம்மாவுக்கே முழங்கையில் பச்சை குத்தியிருந்ததாம், வரிசையாக ஐந்து புள்ளி. அம்மாவுக்கு இருந்த ஒரே குறை, திவசம் முடியும்முன் பிள்ளை உடம்பை நோகவைத்துக்கொண்டானே என்பது. இது ஒரு சாயந்தரப் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம், அதற்குப் பதில் ஒரு கால் புண்ணாகி ஒரு மாத உழைப்பும் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

எதை மாற்றலாம்

வீட்டில் சொல்ல முடியாத நிலையில் இருந்தால் இன்னும் குத்த வேண்டாம், பொறுங்கள். எனக்கு இதுதான் முதல். சொல்லிவிட்டுக் குத்துவது ஒழுக்கத்துக்காக இல்லை, கழுவ ஒரு வெளிச்சமான இடமும், காற்றுப்பட விட ஒரு நேரமும், "இன்றைக்கு நேற்றைவிடச் சிவந்திருக்கிறது" என்று சொல்ல இன்னொரு சோடிக் கண்ணும் தேவை என்பதற்காக.

அடுத்தது பருவம். கடலில் வேலை செய்கிறவர்கள் சீசன் நடுவில் குத்தக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் கடல் எழும்பிப் புறாமலைப் பயணம் நின்றுவிடும், உப்பும் இல்லை, வெயிலும் குறைவு, அதுதான் இவர்களுக்குத் தோதான காலம். அப்போது வெள்ளம் நிற்கிற ஒழுங்கைக்குள் வெறுங்காலோடு நடக்க நேரும் என்பதையும் யோசிக்க வேண்டும், ஆகவே காலில் குத்துவதைவிட மேல்கையில் குத்துவது நல்லது. தோல் மூடும்வரை கடல், குளம், நீச்சல் தடாகம் எதுவும் வேண்டாம், கன்னியா வெந்நீரூற்றும்தான், அங்கே வாளியால் அள்ளி ஊற்றினாலும் அது பலர் கை வைத்த தண்ணீர். மூடிய பிறகும் வெயிலில் போகும்போது துணியால் மறைப்பது, அல்லது 30க்கு மேற்பட்ட பாதுகாப்பு எண் உள்ள கிரீம் பூசுவது.

குத்தி விட்டவரோடு இருந்து அவருடைய ஆங்கில அட்டைக்குப் பதிலாகத் தமிழில் ஒரு தாள் எழுதினோம். சிங்களத்திலும் போடப்போவதாகச் சொன்னார். எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்பதைத் தாளின் மேலேயே பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்: நாலாம் நாளுக்குப் பிறகு சிவப்போ சூடோ கூடினால், கோடுகளைத் தாண்டிப் பரவினால், சீழ் கசிந்தால், காய்ச்சல் வந்தால், கவட்டிலோ கமக்கட்டிலோ நெறி கட்டினால் அன்றைக்கே ஓ.பி.டி.க்குப் போகவும், வீட்டில் கிடக்கும் குளிசையைப் போட வேண்டாம். நீரிழிவு, ஈரல் வருத்தம் உள்ளவர்கள் குத்துவதற்கு முன்பே வைத்தியரைக் கேட்கவும்.

ஒட்டும் தாள் விஷயத்தில் மட்டும் அவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நாளும் கழற்றிக் கழுவிப் புதிது ஒட்டினால் இந்த வெயிலுக்கும் அது நல்லது என்கிறார், அவருடைய அனுபவத்தில் அது பலருக்குச் சரிவந்துமிருக்கிறது. வியர்வையில் வேலை செய்கிறவர் நாளுக்கொரு புதுத் தாள் வாங்கமாட்டார், பழையதன்மேல் பிளாஸ்டர்தான் ஒட்டுவார் என்பது என் கட்சி. இப்போதைக்குத் தாளில் இப்படி எழுதியிருக்கிறோம்: அடுத்த நாள் காலை வரை மட்டும், அதற்குள் எந்த ஓரம் கிளம்பினாலும் உடனே முழுதாகக் கழற்றிக் கழுவவும்.